நாகப்பட்டினத்தில் எந்த ஊர்?



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் என் தந்தையாருடன் நாகப்பட்டினம் சென்று ஐந்து நாள்கள் தங்கி வந்தேன். பார்த்த இடங்களைப் பற்றி எழுதுமாறு உடன் பணியாற்றும் ஆசிரியைகள் சிலர் கேட்டுக்கொண்டனர். பிள்ளைகளுடன் அங்குச் செல்ல எண்ணும் பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எனினும், போன நோக்கம் ஒன்று, திரும்பி வந்தபோது மனத்தில் இருந்தது வேறொன்று. ஆகவே, அதையும் மறைக்காமல் எழுதிவிடுவதே முறை எனக் கருதுகிறேன்.

இந்தப் பயணத்திற்கு வித்திட்டது என் வகுப்பறைதான். கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணியை அடுத்துள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 19 பேருக்கு 'என் குடும்ப வேர்' என்றொரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். பாட்டன், பூட்டன் பெயர்களை எழுதி, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதையும் குறிக்க வேண்டும். மறுநாள் ஏடுகளைத் திருத்தும்போது ஊர் என்ற கட்டத்தில் பெரும்பாலோர் 'இந்தியா' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். சிலர் 'தெரியாது' என்று எழுதியிருந்தனர். ஒருவன் 'விமான நிலையம்' என்று எழுதியிருந்தான்.

"ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதக்கூடாதா?" என்று சற்றுக் கடிந்துகொண்டேன். முன்வரிசையில் அமரும் மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், உங்க ஊர் எது?" என்று கேட்டாள். நான் தயங்காமல், "நாகப்பட்டினம்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அந்தப் பெருமையோடுதான் விடுமுறைக்குப் பயணச்சீட்டு வாங்கினேன்.

கடற்கரையில் ஒரு கேள்வி

என் பாட்டி, அதாவது தந்தையாரின் தாயார், 1937ஆம் ஆண்டு ஒன்பது வயதுச் சிறுமியாகத் தம் பெற்றோருடன் மலாயாவிற்கு வந்தவர். பால்மரம் வெட்டியே வாழ்ந்து, தோட்டத்து லயத்து வீட்டிலேயே 1994ஆம் ஆண்டு கண்ணை மூடினார். "நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறுனோம். அக்காவைக் கட்டிக்கொடுத்துட்டதால அது மட்டும் வரல. கரையிலயே நின்னுது" என்பதை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கப்பலில் கொடுத்த சோறு, பினாங்கை அடைந்ததும் ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்த நாள்கள் எல்லாம் சொல்வார். தந்தையாருக்கு இப்போது எழுபத்தாறு வயது. இந்தியாவிற்கு அவர் சென்றதே இல்லை. "அம்மா கப்பலேறின இடத்தை ஒரு தடவை பாத்துடணும்" என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகையை அடைந்தோம். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வழி நெடுகிலும் சம்பா நெல் பச்சைப் பசேலென நின்றது. கெடாவின் நெல்வயல்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் பிள்ளைகளுடன் செல்வோர் குடையை மறவாதீர்கள்.

பெட்டிகளை விடுதியில் வைத்ததும் தந்தையார் நேரே கடற்கரைக்குத்தான் செல்ல வேண்டும் என்றார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, மணலில் நின்று கடலைப் பார்த்தார். பிறகு வலது பக்கமும் இடது பக்கமும் எதையோ தேடினார். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், "கப்பல் நிற்கிற பாலம் எங்கே இருக்குங்க?" என்று கேட்டார்.

"எந்தக் கப்பலுங்கய்யா?"

"ரஜூலா கப்பல். மலாயாவுக்குப் போகுமே."

அந்த மீனவருக்கு ஐம்பது வயதிற்குள்தான் இருக்கும். ஆயினும், பெயரைக் கேட்டதும் சிரித்தார். "எங்க தாத்தா சொல்லுவாரு. பெரிய கப்பல் எதுவும் இங்க கரைக்கு வராதுங்கய்யா. ஆழம் பத்தாது. அதோ, அந்தத் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். இங்கேருந்து படகுலதான் சனங்களை ஏத்திக்கிட்டுப் போவாங்க" என்று வெறுங்கடலைக் கையால் காட்டினார்.

தந்தையார் வெகுநேரம் அந்தத் திசையையே பார்த்திருந்தார். பினாங்குத் துறைமுகத்தைப்போல் ஒரு பாலமும் அதன் ஓரத்தில் கையசைத்து நிற்கும் பெரியம்மாவும்தாம் இத்தனை ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்திருக்கின்றன. "அப்படின்னா படகுல போகும்போதும் அக்கா தெரிஞ்சிருக்கும். கப்பல்ல ஏறின பிறகும் தெரிஞ்சிருக்கும். ரொம்ப நேரம் தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனப் பல துறைகளைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிய கப்பலாகும். அதன்பின் வந்த எம்.வி. சிதம்பரம் கப்பலும் 1985ஆம் ஆண்டு நேர்ந்த தீ விபத்தோடு ஓய்ந்தது. நம் முன்னோரைச் சுமந்த கடல்வழியில் பயணிகள் கப்பல் இன்று இல்லை.

கரையோரத் தேநீர்க் கடையில் அமர்ந்தோம். கடைக்காரப் பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "மலேசியாவா? பூர்வீகம் எங்க?" என்றார்.

"இதுதாங்க. நாகப்பட்டினம்" என்றார் தந்தையார், நிமிர்ந்து அமர்ந்து.

"அப்படியா! நாகப்பட்டினத்துல எந்த ஊர்? வெளிப்பாளையமா, காடம்பாடியா?"

தந்தையார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஆத்தைத் தாண்டினா ஒரு கோயில் இருக்குமாம். கோயிலுக்குப் பின்னால புளியமரம் இருக்குமாம். அம்மா சொல்லும்" என்றார் தந்தையார். பெரியவர் நகைக்கவில்லை. "ஐயா, அந்த அடையாளம் இந்தப் பக்கத்துல எல்லா ஊருக்கும் பொருந்துமே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இன்னொரு தேநீரை ஆற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு எனப் பல மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தனர். கப்பலேற்றிய துறைகளுள் நாகையும் ஒன்று. பாட்டி 'நாகப்பட்டினம்' என்றது தாம் கப்பலேறிய இடத்தை. அதையே நாங்கள் அவருடைய ஊராக்கிவிட்டோம். 'விமான நிலையம்' என்று எழுதிய என் மாணவனுக்கும் 'நாகப்பட்டினம்' என்று சொன்ன அவனுடைய ஆசிரியைக்கும் என்ன வேறுபாடு?

நாகையும் கடாரமும்

மறுநாள் காலை காயாரோகணேசுவரர் திருக்கோயிலுக்குச் சென்றோம். நீலாயதாட்சி அம்மன் கோயில் என்றால்தான் ஊர்மக்களுக்கு விளங்குகிறது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். சிக்கிய மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விட்ட அதிபத்த நாயனாரும் இந்த ஊர் மீனவரே.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கோயிலை அவசியம் காண வேண்டும் என்பேன். இங்குள்ள இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், கடாரத்து அரசனின் அலுவலர்கள் இக்கோயிலுக்கு வழங்கிய கொடைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் சீனப் பொன்னும் ஒன்று. கடாரம் என்பது நம் கெடாவேயாகும். நான் அன்றாடம் பள்ளிக்குச் செல்லும் வழியில் தெரிகின்ற குனோங் ஜெராய் மலையடிவாரத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பெயர், நாகைக் கோயிலில் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கிறது!

இதற்கும் முன்பே, முதலாம் இராசராசன் காலத்தில், கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரில் நாகையில் ஒரு புத்த விகாரம் எழுப்பினார். அதுவே சூளாமணி விகாரம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தோருக்கு இப்பெயர் நன்கு தெரிந்திருக்கும். சைவனாகிய இராசராசன் அந்தப் புத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்தான். பௌத்தனாகிய கடாரத்து அரசனின் ஆட்களோ சிவன் கோயிலுக்குப் பொன் கொடுத்தனர்.

1025ஆம் ஆண்டு இராசேந்திரன் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்பதும் உண்மையே. வகுப்பில் அதை உரக்கச் சொல்கிறோம். பிள்ளைகளும் கைதட்டுகின்றனர். அதற்குப் பின்னர், 1090ஆம் ஆண்டளவில் கடாரத்துத் தூதர்கள் மீண்டும் வந்து வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்தின் உரிமைகளை உறுதி செய்து செப்பேடு அளித்ததை எத்தனை பேர் சொல்கிறோம்? நான் இதுவரை சொன்னதில்லை.

அந்த விகாரம் நின்ற இடத்தைக் காட்ட இன்று ஒன்றும் இல்லை. எஞ்சியிருந்த செங்கல் கோபுரம் ஒன்றை ஐரோப்பிய மாலுமிகள் 'சீனக் கோயில்' என்றழைத்தனர். அதுவும் 1867ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. 1856ஆம் ஆண்டு முதல் இவ்வூர் மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான வெண்கலப் புத்தர் சிலைகள் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

நாகூரும் வேளாங்கண்ணியும்

நாகையிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நாகூர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது ஆண்டகை அடங்கியுள்ள தர்கா இங்குதான் உள்ளது. ஐந்து மினாராக்களுள் உயரமானது ஏறத்தாழ 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் என்பதைப் பிள்ளைகளுக்கு மறவாமல் சொல்லுங்கள். தர்காவில் நாங்கள் கண்ட கூட்டத்தில் சரிபாதிப் பெண்கள் நெற்றியில் குங்குமத்துடன் இருந்தனர்.

இத்தர்காவின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'நாகூர் தர்கா' என்றே கட்டடங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் சாலையில் உள்ளது 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. கடலில் பத்திரமாகக் கரைசேர்ந்த வணிகர்கள் தம் ஊர்ப் பெரியவருக்குச் செய்த நன்றிக்கடன் அவை. "நாம ஊர்ப் பேரையே மறந்துட்டோம். அவங்க ஊரையே கொண்டுவந்து வெச்சிருக்காங்க" என்றார் தந்தையார். முந்தைய நாள் தேநீர்க் கடையில் கேட்ட கேள்வி அவரை விட்டு அகலவில்லை என்பது தெரிந்தது.

நாகைக்குத் தெற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. புயலில் சிக்கிக் கரையேறிய போர்ச்சுகீசிய மாலுமிகள் நன்றிக்கடனாகக் கட்டியது என்று ஆலயத்தின் மரபுவழிச் செய்தி கூறுகிறது. 1962ஆம் ஆண்டு பசிலிக்கா என்னும் சிறப்பு நிலை பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா நடைபெறும். நாங்கள் சென்றது கிறிஸ்துமஸ் நாளன்று. கூட்டம் கடல்போல் இருந்தது. சிறு பிள்ளைகளுடன் செல்வோர் விழா நாள்களைத் தவிர்ப்பது நலம்.

மறுநாள் டிசம்பர் 26. 2004ஆம் ஆண்டு இதே நாளில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தமிழகத்தில் மிகுந்த இழப்பைக் கண்ட மாவட்டம் இதுவே. காலையில் கடற்கரையில் மீனவக் குடும்பங்கள் மலர் தூவிக் கடலில் பாலை ஊற்றின. ஓர் அம்மையார் இரண்டு சிறு பிள்ளைகளின் நிழற்படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இருபது ஆண்டுகள் கடந்தும் அப்படத்தின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பேசாமல் நின்றோம்.

அதே நாளில், அதே அலை, நம் பினாங்கையும் கெடாவையும் தாக்கியது. நம் நாட்டில் மாண்டோர் 68 பேர். என் பள்ளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோலா மூடாவிலும் வீடுகளும் படகுகளும் சிதைந்தன. அங்குப் படகுகளைக் கொண்டே எழுப்பிய நினைவுச்சின்னத்தை மாணவர்களுடன் சென்று பார்த்திருக்கிறேன். வணிகரும் துறவியரும் கூலிகளும் கடந்த கடலை, அந்த அலை சில மணி நேரத்தில் இரு புறமும் கடந்துவிட்டது.

தரங்கம்பாடியில் மணல் எழுத்து

அன்று பிற்பகல் தரங்கம்பாடிக்குச் சென்றோம். நாகையிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2020ஆம் ஆண்டு மயிலாடுதுறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. டென்மார்க் நாட்டினர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று 1620ஆம் ஆண்டு இங்கு டேனிஷ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். 1845ஆம் ஆண்டு ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர். மஞ்சள் நிறக் கோட்டையும் அருங்காட்சியகமும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கோட்டையை அடுத்து, பாண்டிய மன்னர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலைக் காணலாம். அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

தமிழாசிரியர் எவரும் இவ்வூரில் நினைக்க வேண்டிய பெயர் சீகன்பால்கு. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கு வந்திறங்கிய செருமானியப் பாதிரியார். தமிழ் கற்க விரும்பிய அவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுடன் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பது ஆண்டுகளில், 1715இல், அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சாகி முற்றுப்பெற்றது. தமிழில் முதல் அச்சு நூல் இதுதான் என்று சிலர் தவறாகக் கற்பிக்கின்றனர். 1554ஆம் ஆண்டு லிசுபனிலும் 1578ஆம் ஆண்டு கொல்லத்திலும் தமிழ் நூல்கள் அச்சாகிவிட்டன. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு என்பதே சரி. 1718ஆம் ஆண்டு அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது.

நேரமிருப்போர் மேலும் வடக்கே பூம்புகார் சென்று, 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் பார்க்கலாம். எங்களுக்கு நேரமில்லை. திரும்பும் வழியில் தந்தையார், "எங்கேயோ பொறந்தவன் வந்து நம்ம பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சிருக்கான். நான் எங்கம்மாகிட்ட ஒரு பேரைக் கேட்டு எழுதி வெச்சுக்கல" என்றார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர் அவர். முதுகலைப் பட்டம் பெற்ற அவர் மகளும் கேட்கவில்லையே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனைமங்கலம்

ஊர் திரும்பும் நாளில், சிக்கல் சிங்காரவேலரை வணங்கிவிட்டுப் புறப்பட்டோம். முருகன் அன்னையிடம் வேல் பெற்றதாகக் கூறப்படும் தலம். தைப்பூசத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம், இத்தலத்தைக் காண்பது பொருத்தமே. பிறகு கீழ்வேளூர்ப் பக்கமாக வண்டியைத் திருப்பச் சொன்னேன். ஓட்டுநருக்கு வியப்பு. "ஆனைமங்கலத்துல பாக்க ஒண்ணும் இல்லீங்களே அம்மா" என்றார்.

உண்மைதான். சுற்றுலாப் பட்டியல் எதிலும் அவ்வூர் இல்லை. வயல், வாய்க்கால், வரப்பில் கொக்கு, சில வீடுகள். ஆயினும், கடாரத்து மன்னனின் விகாரத்திற்கு இராசராசன் கொடுத்த ஊர் இதுவே. அக்கொடையைக் கூறும் செப்பேடு, இராசேந்திரனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோத்த 21 ஏடுகளைக் கொண்டது. குலோத்துங்கனின் செப்பேடு மூன்று ஏடுகள். டச்சுக்காரர்கள் காலத்தில் கடல் கடந்து சென்ற இவை, நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் 'லைடன் செப்பேடுகள்' எனப் பெயர் பெற்றன.

கொடையளித்த ஊரின் எல்லையைப் பெண் யானையை நடக்கவிட்டு வரையறுத்த செய்தியை அச்செப்பேடு சொல்கிறது. ஊரின் பெயர், எல்லை, நிலத்தின் அளவு, வரவேண்டிய நெல், ஆணையைக் கேட்டு எழுதிய அலுவலர்கள் என அனைத்தும் அதில் உண்டு. விகாரம் மறைந்தது. சோழப் பேரரசு மறைந்தது. ஸ்ரீவிஜயமும் மறைந்தது. எழுதி வைத்ததால் ஆனைமங்கலம் மட்டும் ஐயத்திற்கு இடமின்றி அதே பெயருடன் நிற்கிறது.

களை பறித்துக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் தந்தையார் பதில் சொன்னார்: "கடாரம்."

"அது எங்க இருக்கு?"

"கடலுக்கு அந்தப் பக்கம். ஒரு காலத்துல இந்த வயல் நெல்லு எங்க ராசா கட்டுன கோயிலுக்குத்தான் வந்துச்சாம்."

அம்மையார் சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்குத்தான் நாங்க நெல்லு அளக்கணும்!" என்று சொல்லிவிட்டு மீண்டும் குனிந்தார். ஐந்து நாள்களில் தந்தையார் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

வண்டியில் ஏறிய பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசன் கொடுத்த ஊரின் எல்லையை என்னால் ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு என் பாட்டி விட்டுவந்த ஊரின் பெயரைச் சொல்ல முடியவில்லை. அரசர்களுக்கு எழுதி வைக்க ஆள் இருந்தது. கூலிகளுக்கு நாம்தானே இருந்தோம்?

கேளாமல் விட்டது

வீடு திரும்பியதும் தந்தையார் செய்த முதல் வேலை, கூலிமில் இருக்கும் தம் மூத்த சகோதரியைப் பார்க்கப் போனதுதான். என் அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. கண் பார்வை மங்கிவிட்டது. நினைவு மங்கவில்லை.

"அக்கா, அம்மா எந்த ஊருன்னு உனக்குத் தெரியுமா?" என்று தந்தையார் கேட்டார்.

அத்தை சற்று நேரம் யோசித்தார். "மங்கலம்னு முடியும். முன்னாடி என்னமோ ஒண்ணு வரும். அம்மா சொல்லும்போது வாயில வரும், இப்ப வரல" என்றார். பிறகு, "இத்தனை நாளா என்னை யாரும் கேக்கலியே தம்பி. பத்து வருசம் முன்னாடி கேட்டிருந்தா முழுசா சொல்லியிருப்பேன்" என்றார்.

மங்கலம் என்று முடியும் ஊர்கள் காவிரிக் கரையில் எத்தனையோ உள்ளன. அவற்றுள் எது என்று நான் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றே தோன்றுகிறது. இருந்தும், ஊர்ப்பெயரில் பாதியாவது எங்கள் கையில் இப்போது இருக்கிறது. அன்றிரவே ஒரு குறிப்பேட்டை எடுத்து, அத்தை சொன்னவை, தந்தையாருக்கு நினைவிருப்பவை என நான்கு பக்கங்கள் எழுதினேன். பாட்டியின் அக்காள் பெயர் 'செல்லம்மா' என்பதை அன்றுதான் நான் முதன்முதலாக அறிந்தேன். கரையில் நின்றவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

பள்ளி திறந்ததும் என் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். "டீச்சர் சொன்ன ஊர் தவறு. அது கப்பலேறிய இடம். ஊர் எதுவென்று டீச்சருக்கும் தெரியவில்லை" என்றேன். பிறகு அதே வீட்டுப்பாடத்தை வேறு விதமாகக் கொடுத்தேன். வீட்டிலோ உறவிலோ உள்ள மிக மூத்தவரிடம் மூன்றே கேள்விகள் கேட்க வேண்டும். ஊரின் முழுப்பெயர் என்ன? யார் யாருடன் வந்தார்கள்? வராமல் அங்கேயே நின்றவர் யார்? எழுத இயலாவிட்டால் பெற்றோரின் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து வரலாம்.

ஒரு வாரத்தில் 19 பேரில் 11 பேர் ஊர்ப் பெயருடன் வந்தனர். 'விமான நிலையம்' என்று எழுதிய மாணவன், தன் கொள்ளுப்பாட்டியின் குரலைப் பதிவு செய்து வந்தான். மூன்றாம் கேள்விக்கு அவர் பதில் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பதிவில் அந்த மௌனமும் இருந்தது. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. மற்ற எட்டுப் பேரின் வீடுகளில் கேட்பதற்கு ஆளில்லை. அவர்களுடைய ஏட்டில் 'தெரியாது' என்பதே நிற்கிறது. என் ஏட்டில் 'மங்கலம்' என்று முடிகிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! வாய்ப்புள்ளோர் நாகைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். ஐந்து நாள்கள் போதும். நாகையில் தங்கிக்கொண்டே நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி ஆகியவற்றைக் கண்டு வரலாம். ஆனைமங்கலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பாக, உங்கள் வீட்டின் மூத்தவர் பக்கத்தில் ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். நாகையின் கடற்கரைத் தேநீர்க் கடையில் உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பதிலோடு செல்லுங்கள்.